அறுந்த வழியில் அஞ்சல்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையின் மறுகரையில் உள்ளது குண்டசாலை. இன்று அப்பெயரைக் கேட்பவர்களுக்கு அங்குள்ள விவசாயப் பாடசாலை நினைவுக்கு வரலாம். 18ஆம் நூற்றாண்டிலோ அது ஓர் அரசனின் பெயரோடு ஒட்டியிருந்த ஊர். 1707 முதல் 1739 வரை ஆட்சி புரிந்த வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கே ஓர் அரண்மனை அமைத்து வாழ்ந்தமையால், மக்கள் அவனைக் குண்டசாலை மன்னன் என்றே வழங்கினர். கண்டியை ஆண்ட கடைசிச் சிங்கள அரசன் அவனே. அவன் மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்ணை மணந்தான்; அவனுக்குப் பின் அரியணை ஏறியவன் அவ்வரசியின் உடன்பிறந்தான். கண்டி அரசவையில் தமிழ் வழங்கியதற்கும், 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பிரதானிகள் சிலர் தமிழெழுத்தில் ஒப்பமிட்டதற்கும் வித்து இட்டது அத்திருமணம் எனலாம்.

அந்த அரண்மனை இன்று இல்லை. 1804ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்று அதற்குத் தீயிட்டது. வியப்பு என்னவெனில், அந்தப் படை அன்று குண்டசாலைக்கு வந்திருக்கவே வேண்டியதில்லை. அதனை அனுப்ப எண்ணியவர்கள் கண்டிமேல் படையெடுக்கும் திட்டத்தையே அதற்குள் கைவிட்டிருந்தார்கள். கைவிட்ட செய்தி, சேரவேண்டியவரிடம் சேரவேண்டிய பொருளோடு சேரவில்லை.

தொடர்பு விட்டு விட்டு இயங்கும் வழியில் ஒரு செய்தியை எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பது, இன்று கம்பியில்லாக் கணினி வலைகளை ஆராயும் அறிஞர்களின் ஒரு தனித் துறை. அலை ஒரு வேளை கிடைக்கும், ஒரு வேளை கிடைக்காது; அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே ஒரு முழுப் பாதை எந்த நேரத்திலும் இராமற்கூடப் போகலாம். அந்நிலையில் செய்தியை யார் தாங்குவது, எவரிடம் ஒப்படைப்பது, சேர்ந்துவிட்டது என்று எப்படி அறிவது என்பவை அத்துறையின் கேள்விகள். இக்கேள்விகள் கணினியோடு பிறந்தவை அல்ல. கண்டி மலைகளில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, முந்நூறு மனிதரின் உயிரைப் பணயம் வைத்து அவை கேட்கப்பட்டுவிட்டன.

கண்டி இராச்சியம் தொடர்பு அற்றிருப்பதையே தன் அரணாகக் கொண்ட நாடு. மூன்று புறமும் மகாவலி சுற்றிவர, அதற்கப்பால் மலைகள் எழும்பி நிற்க, கணவாய்கள் சிலவற்றின் வழியாக மட்டுமே உள்ளே நுழைய முடியும். பாதைகளை அகலப்படுத்துவதை அரசர்கள் விரும்பவில்லை. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதை பீரங்கி வண்டிக்குப் பயன்படாதல்லவா? கணவாய்களில் முட்கதவுகள் இடப்பட்டிருந்தன. கடவத்தை எனப்பட்ட அக்காவல் நிலைகளில் ஊரார் முறை வைத்துக் காவல் இருந்தனர். மேற்குக் கணவாயில் இருந்த கோட்டையின் பெயரே பலனை. பார்த்திருத்தல் என்ற பொருள் தரும் சிங்களச் சொல் அது.

கண்டி நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இக்காவல் முறையை விரித்துரைக்கிறார். காவல் நிலையைக் கடப்பவன் கையில் களிமண்ணில் பதித்த முத்திரை ஒன்று இருக்கவேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி ஏந்திய உருவம், உழவனுக்குச் சுமை தூக்கிய உருவம் என ஆளுக்கேற்ற அடையாளம் அதில் இருக்கும். எழுதப்படிக்கத் தெரியாத காவலனும் வந்தவன் இன்னான் என்று ஒரு பார்வையில் அறிந்துகொள்வான். செய்தியைச் சுமப்பவனை நம்பலாமா என்ற கேள்விக்கு, மண்ணைக் குழைத்துக் கண்ட விடை அது. ஒல்லாந்தத் தேசாதிபதியின் கடிதம் அரசனுக்கு வரும்போதோ, அதைத் தலைமேல் தாங்கி, மேற்கட்டி பிடித்து, ஊர்வலமாகக் கொண்டுவருவர். தூதர் எல்லையிலே காத்திருப்பார். உத்தரவு வந்தால் அடுத்த தங்கலுக்கு நகர்வார். விரைவு அங்கே மதிக்கப்படவில்லை. ஒவ்வொரு தங்கலும் செய்தியைப் பெற்று, தாங்கி, உரிய வேளையில் அடுத்ததற்குக் கொடுத்தது, அது போதுமாயிருந்தது.

இந்த நாட்டுக்குள்தான் 1803இல் ஆங்கிலேயர் புகுந்தனர். தலைநகரை எளிதிற் பிடித்தனர். பிடித்ததை வைத்திருக்க முடியவில்லை. காய்ச்சலும் உணவுப் பஞ்சமும் படையை அரித்தன. ஜூன் 24ஆம் தேதி மேஜர் டேவி சரணடைந்து, எஞ்சியவர்களோடு திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார். வட்டப்புளுவையில் மகாவலி பெருக்கெடுத்து வழிமறித்தது. 26ஆம் தேதி அப்படை அங்கேயே அழிந்தது. டேவி உயிரோடு சிறைப்பட்டு, பின்னர் விடுதலை காணாமலே கண்டியில் மாண்டார்.

அந்த அவமானத்தைத் துடைக்கத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் துடித்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு, படைத்தலைவர் வீமிஸின் காலத்தில், புதிய திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. தீவின் வெவ்வேறு கரைகளிலிருந்து ஆறு படைப்பிரிவுகள் புறப்படவேண்டும். செப்டம்பர் 28ஆம் தேதியளவில் யாவும் கண்டி அருகே ஒருங்கே வந்து சேரவேண்டும். வரைபடத்தில் பார்த்தால் மிக அழகிய திட்டம். சக்கரத்தின் ஆரைக்கால்கள் குடத்தில் வந்து கூடுவதுபோல் ஆறு கோடுகள் ஒரு புள்ளியில் கூடின. ஆனால் ஓர் ஆரைக்காலிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி செல்ல வழி இல்லை என்பதை வரைபடம் காட்டவில்லை. இடையே இருந்தது பகைவன் நாடு.

மட்டக்களப்பில் தளபதியாக இருந்தவர் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன். செப்டம்பர் 3ஆம் தேதியிட்ட உத்தரவு அவருக்குக் கிடைத்தது: படையைத் திரட்டுக, குறித்த நாளில் கண்டி அருகே வந்து சேர்க. அதன்பின் கொழும்பில் மனம் மாறியது, பெருந்தாக்குதல் கைவிடப்பட்டது. மற்றப் பிரிவுகளுக்கு அது தெரிந்தது. ஜோன்ஸ்டனுக்குப் போன இரண்டாம் கடிதம், செப்டம்பர் 8ஆம் தேதியிட்டது. முதல் உத்தரவு நீங்கிற்று என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. 20ஆம் தேதி புறப்படுமாறு மட்டும் கூறிற்று. எழுதியவர் மனத்தில் இருந்தது, எல்லையோரமாகப் பகைவன் நாட்டில் அழிவு செய்து திரும்பும் சிறு படையெடுப்பு. படித்தவர் மனத்தில் பதிந்ததோ, பழைய திட்டத்தில் ஒரு சிறு திருத்தம்.

இங்கே ஜோன்ஸ்டனைக் குறை கூறுவது எளிது, நியாயம் ஆகாது. ஐயம் எழுந்திருந்தாலும் அவர் யாரைக் கேட்பது? கொழும்புக்குக் கடிதம் போய் விடை வருமுன் குறித்த நாள் கடந்துவிடும். அவர் காத்திருந்து, மற்ற ஐந்து பிரிவுகளும் புறப்பட்டிருந்தால், அவருடைய இடம் காலியாயிருக்கும். அந்த வெற்றிடத்தின் வழியே பகைவன் நுழைந்து மற்றவர்களை அழிப்பான். சென்ற ஆண்டு டேவியின் படைக்கு நேர்ந்தது எவருக்கும் மறந்திருக்கவில்லை. அவர் புறப்பட்டார்.

அவரோடு சென்ற போர்வீரர் சுமார் முந்நூறு பேர். மூன்றில் இரு பங்கினர் நாட்டுப் படையினர். இவர்களைத் தவிரச் சுமை தூக்குவோரும் இருந்தனர். காட்டையும் மலைப்படிகளையும் சண்டையிட்டுக் கடந்து, அவர்கள் குண்டசாலைக்கு வந்தனர். நரேந்திரசிங்கன் வாழ்ந்த இடம் எரிந்தது. ஆற்றைக் கடந்து தலைநகருக்குள் புகுந்தபோது, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தன் வழக்கப்படி நகரைக் காலி செய்துவிட்டு விலகிப் போயிருந்தான். வெறும் தெருக்கள். வந்து சேரவேண்டிய ஐந்து படைகளில் ஒன்றின் அடையாளமும் இல்லை.

ஜோன்ஸ்டன் சில நாள்கள் காத்திருந்தார். அந்நாள்களில் அவர் மனம் பட்ட பாடு எளிதில் ஊகிக்கத்தக்கது. மற்றவர்கள் பிந்தி வருகிறார்களா? தோற்று அழிந்தார்களா? அல்லது புறப்படவே இல்லையா? மூன்றுக்கும் வெளியடையாளம் ஒன்றே: அமைதி. செய்தி வராமையிலிருந்து காரணத்தைப் பிரித்தறிய அவரிடம் எவ்வழியும் இல்லை. மழை தொடங்கிற்று, உணவும் மருந்தும் குறைந்தன, சுற்றிலும் கண்டியர் திரண்டனர். இறுதியில் அவர் திருகோணமலைப் பாதையைப் பிடித்தார். வழியெல்லாம் போர், நோய், பசி. ஒக்டோபர் 20ஆம் தேதியளவில் எஞ்சியவர்கள் திருகோணமலையை அடைந்தனர். 1810இல் ஜோன்ஸ்டன் இப்படையெடுப்பின் வரலாற்றைத் தாமே நூலாக எழுதி இலண்டனில் வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சிக்கு 171 ஆண்டுகள் கழித்து, கணினித் துறையில் ஒரு புதிர் எழுதப்பட்டது. 1975இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் அதைக் கொள்ளைக் கூட்டத்தார் கதையாகச் சொன்னார்கள். 1978இல் ஜிம் கிரே என்ற அறிஞர் அதற்கு இரு தளபதிகள் புதிர் எனப் பெயரிட்டார். அவர்கள் ஜோன்ஸ்டனை அறிந்தவர்கள் என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை. ஆயினும் புதிர் அவருடையதே.

இரண்டு குன்றுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தளபதி. இடையிலுள்ள பள்ளத்தாக்கில் பகைவன். இருவரும் ஒரே வேளையில் தாக்கினால் வெற்றி. ஒருவர் மட்டும் தாக்கினால் அழிவு. தூதன் பள்ளத்தாக்கைக் கடக்கவேண்டும், அவன் பிடிபடலாம். முதல் தளபதி, விடியலில் தாக்குவோம் என்று ஆளனுப்புகிறார். செய்தி சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது; ஆகையால் விடை வரும்வரை அவர் துணிய மாட்டார். இரண்டாமவர் விடை அனுப்புகிறார். தம் விடை சேர்ந்ததா என்பது இப்போது அவருக்குத் தெரியாது. விடைக்கு ஒரு விடை வேண்டும். அதற்கும் ஒன்று. எத்தனை தூதர் ஓடினாலும், கடைசித் தூதனை அனுப்பியவர் ஐயத்திலேயே இருப்பார். நம்பத்தகாத வழியில் செய்தி பரிமாறி, இருவரும் முழு உறுதியோடு ஒரே முடிவுக்கு வருதல் இயலாது. இது கணிதமுறையில் நிறுவப்பட்ட உண்மை. மேலும் சிறந்த கருவியாலோ மேலும் வேகமான குதிரையாலோ மாறக்கூடியது அன்று.

ஆகவே பிற்காலத்தார் செய்ததெல்லாம் உறுதியைத் தேடியது அல்ல. ஐயத்தோடு வாழப் பழகியதே.

கண்டி வீழ்ந்து 1815இல் ஆங்கில ஆட்சி வந்தபின், தொடர்பு அற்ற நாட்டைத் தொடர்புள்ள நாடாக்கும் வேலை வேகமாக நடந்தது. கடுகண்ணாவைக் கணவாயில் பாதை வெட்டப்பட்டது. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. 1867இல் புகையிரதம் வந்தது. இடையில், காலியில் கப்பல்கள் கொண்டுவந்த ஐரோப்பியச் செய்திகளைக் கொழும்புக்குக் கொண்டு செல்ல, ஒப்சேவர் பத்திரிகையார் 1850 முதல் புறாக்களைப் பறக்கவிட்டார்கள். புறா விசித்திரமான தூதன். அது கூட்டுக்கு மட்டுமே திரும்பும். விடையைக் கொண்டு போகாது. ஒருவழித் தொடர்பு. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. கம்பி இருவழி, கேட்டால் விடை வரும். அந்த வசதியில் பழைய ஐயம் மறந்துபோயிற்று.

கம்பியை விட்டு அலைக்கு வந்தபோது அது மீண்டும் தலைகாட்டியது. அதுவும் கண்டியிலேயே.

1944 ஏப்ரல் மாதத்தில், தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூந்தோட்டத்தின் மரங்களிடையே குடிசைகளும் அலுவலகங்களும் எழுந்தன. குண்டசாலையிலிருந்து சில கல் தொலைவில், பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த போர் திட்டமிடப்பட்டது. எதிரி நாட்டுக்குள் இரகசியமாக ஆட்களை அனுப்பும் படை 136 என்ற பிரிவும் அதே ஆண்டின் இறுதியில் கண்டிக்கு வந்தது.

அப்பிரிவினர் மலாயாவில் பட்ட பாட்டை ஜோன்ஸ்டன் கேட்டிருந்தால் புரிந்துகொண்டிருப்பார். 1943 மே மாதத்தில், ஜோன் டேவிஸ் என்ற அதிகாரியும் சீன இளைஞர் சிலரும் இலங்கையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலிற் சென்று மலாயாக் கரையில் இறங்கினர். பின்னர் லிம் போ செங் என்ற சிங்கப்பூர்ப் பிரமுகரும் அவர்களோடு சேர்ந்தார். ஆண்டின் இறுதியில், ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடிக்கொண்டிருந்த மக்கள் படையோடு அவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆயுதமும் பணமும் இலங்கையிலிருந்து வரவேண்டும். ஆனால் அக்காலத்து வானொலிக் கருவி கனமானது. அதை மலைக்காட்டு முகாம் வரை சுமந்து சென்று இயக்குவது நினைத்தபடி நடக்கவில்லை. நீர்மூழ்கிக் கப்பலைக் குறித்த இடத்தில் சந்திப்பதும் 1944 தொடக்கத்தோடு தவறிப்போயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் லிம் போ செங் ஜப்பானியர் சிறையில் இறந்தார். இலங்கையில் இருந்தோருக்கு, தம் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது. ஓராண்டுக்கும் மேல் மௌனம். 1945 பெப்ரவரியில்தான் மலாயாக் காட்டிலிருந்து எழுந்த மெல்லிய குறிப்பொலி இலங்கையில் கேட்டது. அதன்பின் ஆகாயவழி ஆயுதமும் ஆட்களும் இறங்கினர்.

இவ்விடைக்காலம் முழுவதும் செய்தி அழியவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். உடன்படிக்கை காட்டில் இருந்தது. அதை அறிந்தவர்கள் காட்டில் இருந்தார்கள். வழி திறந்தபோது செய்தி புறப்பட்டது. சுமப்பவர் உயிரோடு இருந்து, சுமையைக் கைவிடாதிருந்தால், பாதை அறுந்திருப்பது தாமதமே தவிர அழிவு அன்று.

இதே கருத்தைக் கணினிகளுக்குக் கற்பிக்க இன்னும் பல ஆண்டுகள் சென்றன. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏபிரம்சன் குழுவினர், தீவுகளுக்கிடையே கடல் குறுக்கிட்டமையால் கம்பியை விட்டு வானொலி அலைமூலம் கணினியை இணைத்தார்கள். தரவு சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பப்பட்டது. பொதி சேர்ந்தால் மறுமுனையிலிருந்து ஒப்புகை வரும். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால், கருவி சிறிது நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைத் தற்செயலாகத் தெரிந்துகொள்ளும். இருவர் ஒரே வேளையில் பேசி மோதிக்கொண்டால், இருவரும் ஒரே அளவு பொறுத்து மறுபடியும் மோதக்கூடாதல்லவா? எளிய ஏற்பாடு, இன்றுள்ள கம்பியில்லா வலைகள் பலவற்றின் பாட்டன் அது.

ஆனால் ஹவாயின் முறைக்கும், அதைத் தொடர்ந்து வளர்ந்த இணையத்துக்கும், சொல்லாத ஓர் எதிர்பார்ப்பு இருந்தது: அனுப்பும் அந்தக் கணத்தில் முழுப்பாதையும் திறந்திருக்கும் என்பது. இடைப்பட்ட கருவி, பொதியைக் கண்ணிமைப்பொழுதே வைத்திருக்கும். அடுத்த அடிக்கு வழியில்லையேல் அதை எறிந்துவிடும். கொழும்பிலிருந்து ஆறு கோடுகள் வரைந்தவர்களின் எதிர்பார்ப்பும் ஏறக்குறைய அதுவே. நகரத்துக்கு அது ஒத்துவரும். மலைக்கும் கடலுக்கும் பாலைக்கும் வானவெளிக்கும் ஒத்துவராது. மண்ணிலிருந்து செவ்வாய்க்கு ஓர் அலை செல்ல, இரு கோள்களும் நிற்கும் நிலைக்கேற்ப 3 முதல் 22 நிமிடம் ஆகும். கோள் சுழன்று முகம் திருப்பினால் தொடர்பே இல்லை. 1998இல் வின்ட் சேர்ஃப் முதலானோர் கோள்களுக்கிடையிலான இணையத்தைப் பற்றி எண்ணத் தொடங்கினார்கள். 2003இல் கெவின் ஃபோல் என்ற அறிஞர், அந்த எண்ணம் விண்வெளிக்கு மட்டுமன்று, மண்ணில் வசதி குறைந்த ஊர்களுக்கும் வேண்டியது என்று காட்டி, தாமதம் பொறுக்கும் வலை ஒன்றின் அமைப்பை வரைந்தார்.

தமிழில் அஞ்சல் என்ற சொல்லை நேயர்கள் நன்கு அறிவர். அது தபாலையும் குறிக்கும். ஒரு வானொலி நிலையம் இன்னொரு நிலையத்தின் ஒலியைப் பெற்று மறுபடி பரப்புவதையும் குறிக்கும். இலங்கைப் பாடசாலை மைதானங்களில், கோலைக் கைமாற்றி ஓடும் அஞ்சலோட்டத்தையும் குறிக்கும். தாமதம் பொறுக்கும் வலையின் தத்துவம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ஒவ்வொரு முனையும் செய்தியைப் பெற்றுத் தன்னிடம் சேமித்து வைக்கும், அடுத்த முனை எதிர்ப்படும்வரை சுமந்திருக்கும், எதிர்ப்பட்டதும் கொடுக்கும். அடுத்தவர் கோலைப் பற்றிக்கொண்டார் என்று உறுதியாகும்வரை கையை விடாமலிருத்தலும் அம்முறையில் உண்டு.

யாரிடம் கொடுப்பது என்பதே சிக்கலான பகுதி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் தொற்றுநோயை மாதிரியாகக் கொண்டார்கள். எதிர்ப்படும் ஒவ்வொரு முனைக்கும் ஒரு படி கொடுத்துவிடுவது. அவர்கள் தாம் சந்திப்போருக்குக் கொடுப்பது. ஊரில் வதந்தி பரவுவதும் இப்படியே. வழி எங்கேனும் இருந்தால் செய்தி நிச்சயம் அதைக் கண்டுபிடிக்கும். ஆனால் எல்லார் சேமிப்பும் நிரம்பிவிடும், மின்கலமும் தீரும். 2003இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் முதலானோர் இன்னும் சிக்கனமான வழி கண்டார்கள். யார் யாரை அடிக்கடி சந்திக்கிறார் என்ற கணக்கை ஒவ்வொரு முனையும் வைத்திருக்கும். சேரவேண்டியவரைச் சந்திக்கும் வாய்ப்பு மிகுந்தவரிடமே செய்தி ஒப்படைக்கப்படும். தோட்டத்து லயத்தில் இருப்பவர்கள், டவுனுக்கு நாள்தோறும் போய்வருபவர் எவர் என்று பார்த்து அவர் கையில் கடிதம் கொடுத்தனுப்பியது இந்தக் கணக்கின்படியே. அவர்களுக்கு அதை எவரும் கற்பிக்கவில்லை. வட சுவீடனில் மான் மந்தைகளோடு அலையும் சாமி மக்களுக்காக இத்தகைய வலைகளை அமைத்துப் பார்த்தார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. 2005இல் மூன்றாவதொரு முறையும் வந்தது: படிகளின் எண்ணிக்கையை முன்பே வரையறுத்து, சிலரிடம் தெளித்துவிட்டுக் காத்திருத்தல்.

ஜோன்ஸ்டனுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தை இம்முறைகளின் கண்கொண்டு பார்த்தால், பல வழியிற் பல படி அனுப்பியிருந்தாலும் அது மட்டும் பயன்பட்டிராது என்பது விளங்கும். கடிதம் சேர்ந்தது. சேராதது பொருள். முதல் உத்தரவு செல்லாது என்று கடிதமே தன்னுள் தெளிவாகச் சுமந்திருக்கவேண்டும். இன்றைய பொதிகளின் தலைப்பில், பிறந்த நேரமும் எவ்வளவு காலம் செல்லும் என்ற வரையறையும் எழுதப்படுகின்றன. காலம் கடந்த பொதியை எந்த முனையும் எறிந்துவிடலாம். திரும்பிக் கேட்க வழியில்லாத இடத்துக்குப் போகும் செய்தி, கேள்விக்கு இடம் வைக்காமல் போகவேண்டும் என்பதை உணர்ந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

இம்முறைகள் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. கர்நாடகத்தில் பெங்களூருக்கு வடக்கேயுள்ள தொட்டபள்ளாப்பூர் வட்டாரத்தில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரசாங்கப் பேருந்தின் மேல் சிறு கம்பியில்லாக் கருவி பொருத்தப்பட்டது. கிராமத்தில் ஒரு கணினி. பேருந்து அருகே வந்ததும் இரண்டும் தாமே பேசிக்கொள்ளும்; நிலப்பதிவு விண்ணப்பங்கள் முதலியவை பேருந்தில் ஏறும்; பேருந்து நகரத்துக்குப் போனதும் அங்கே இறங்கும். சராசரியாக இரண்டரை நிமிடச் சந்திப்பில் 20 மெகாபைட்டு அளவு தரவு கைமாறியது. தொலைபேசிக் கம்பியும் இல்லாத ஊர்களுக்கு அது பெரிய அளவே. அதை அமைத்த மாசச்சூசெற்ஸ் ஆய்வாளர் அதற்கு டாக்நெட் என்று பெயரிட்டனர். டாக் என்பது இந்தியில் தபால்.

கண்டிப் பக்கத்து மலைகளிலோ, இதற்கும் சில ஆண்டுகள் முன்னரே, பேருந்துக்குப் பதில் வானொலி அவ்வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது. குண்டசாலைக்குக் கீழே மகாவலியை விக்டோரியா அணையும், மேலே அதன் கிளையாற்றைக் கொத்மலை அணையும் 1985இல் தேக்கின. கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயர்ந்த மக்களையும் சுற்றுப்புற ஊர்களையும் கருதி, 1989இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் கொத்மலைச் சமூக வானொலியை நிறுவியது. அதன் அலை எட்டியது ஏறத்தாழ 20 கிலோமீற்றர். மலை மறைத்த மடிப்புகளில் அதுவும் குறையும். இப்பண்பலை நேர்கோட்டில் செல்வது. குன்றின் பின்னால் நிழல் விழுவதுபோல் அங்கே ஒலியும் மங்கும்.

1998இல் யுனெஸ்கோ துணையோடு அந்நிலையத்துக்கு இணையத் தொடர்பு கிடைத்தது. ஊர்களில் கணினி இல்லை. இருந்தாலும் இணைப்பு இல்லை. ஆகவே ஒரு முறை வகுத்தார்கள். நேயர்கள் தம் கேள்வியைத் தபாலிலோ தொலைபேசியிலோ அனுப்புவார்கள். நிலையத்தார் இணையத்தில் விடை தேடுவார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ள அவ்விடையை ஊரார் மொழியில் விளக்கி ஒலிபரப்புவார்கள். நோயைப் பற்றிய கேள்வியானால் ஒரு வைத்தியரை அழைத்து உட்காரவைப்பார்கள். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் இருந்த பொது நூலகங்களில், நேரே வந்து இணையம் பார்க்கவும் வசதி செய்யப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு முச்சக்கர வண்டியே கணினியையும் கம்பியில்லா இணைப்பையும் சுமந்து, நிலையத்துக்கு வர முடியாத ஊர்களுக்குச் சென்றது.

இதன் பாதையைத் தொடர்ந்து பார்த்தால் வியப்பாயிருக்கும். கேள்வி, தபால்காரர் தோளில் வந்தது. தபால் நிலையத்தில் ஓர் இரவு தங்கிற்று. நிலையத்து மேசையில் காத்திருந்தது. அங்கிருந்து உலகைச் சுற்றி, கண்ணிமைப்பொழுதில் விடையோடு திரும்பிற்று. மறுபடி மொழிபெயர்ப்பாளர் கையில் தங்கிற்று. முடிவில் காற்றில் ஏறி வீட்டுக்கு வந்தது. வேகமான கண்ணி ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் பழைய கண்டியின் தங்கல்கள்போலச் சேமித்தும் சுமந்தும் கைமாற்றியும் நின்றவை.

ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. அந்நிலையத்தின் ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில் அமைந்தது. அலை எட்டும் அதே மலைச்சரிவுகளில், தேயிலைத் தோட்டங்களில் தமிழர் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்கு அலை வந்தது. அவர்களிற் பலருக்குப் பொருள் வரவில்லை. பொதி கடைசி முனை வரை பழுதின்றிச் சேர்ந்து, அங்கே திறக்கப்படாமல் கிடப்பதை எந்த வலைக் கணக்கும் இழப்பு என்று பதிவு செய்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. வானொலி, காலிப் புறாவைப்போல ஒருவழித் தூதன். விடை சொன்ன அறிவிப்பாளருக்கு, கேட்டவர் அந்த மாலையில் பெட்டியருகே இருந்தாரா, மழையில் ஒலி மங்கிற்றா, மின்கலம் தீர்ந்திருந்ததா என்பது தெரியாது. சில நாள் கழித்து, அதே கையெழுத்தில் இன்னொரு கேள்வியோடு ஒரு தபாலட்டை நிலையத்துக்கு வந்தால் தெரியும்.